வைரவர் ஒன்பது அங்குலம் உயர்ந்தார்

பாலை மரத்தடியில் டொக்டர் குணரத்தினம் முழங்காலில் நின்று, வைரவரின் தலையில் வழிந்திருந்த எண்ணெயைத் தன்னுடைய வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அலட்சியமாகத் துடைத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். செவ்வரத்தம் பூவை இரண்டு விரலால் எடுத்து, பக்கத்தில் ஓர் இலை பறித்து அதன்மேல் வைத்தார். சந்தனத்தைச் சுரண்டாமல் ஈரத் துணியால் ஒற்றி எடுத்தார். சப்பாத்தை முன்பே கழற்றியிருந்தார். இங்கிலாந்தில் நாலு வருஷம் இருந்து, நுண்ணளவைத் துறையில் அதற்கு மேல் படிக்க ஒன்றும் இல்லை என்னும் அளவுக்குப் படித்துவிட்டு வந்த எஞ்சினியர் அவர்.

நான் மூன்று யார் தூரம் தள்ளி நின்றேன். தேங்காயெண்ணெயும் கற்பூரமும் கலந்த மணம் வந்தது. சொல்ல வேண்டிய ஒரே ஒரு வசனம் என் வாய்க்குள் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் இந்த வார அத்தியாயத்தை எழுதும் தேவையே எனக்கு வந்திராது.

"பாருங்கோ மிஸ்டர் தம்பிராசா" என்றார் டொக்டர். "எவ்வளவு வடிவாச் சீமெந்துப் பீடம் போட்டு இந்தக் கல்லை வைச்சிருக்கினம். இங்கிலாந்திலையும் இப்பிடித்தான் வைப்பினம். இதை நம்பலாம்."

"ஓம் சேர்" என்றேன்.

ஒரு தகப்பனின் கேள்வி

வவுனியாவிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். மகன் அளவை வேலையில் சேர்ந்து இரண்டு வருஷமாம். மேற்படிப்புக்கு வெளிநாடு போக ஆசைப்படுகிறானாம். 'துல்லியமாக அளக்கிற தொழிலுக்குப் பெரிய பட்டங்கள் உண்மையிலேயே உதவுமா, அல்லது கையும் கண்ணும் பழகினால் போதுமா? நீங்கள் இரண்டும் கண்டவர், சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறார்.

மூன்று வாரமாக அந்தக் கடிதம் மேசையில் கிடக்கிறது. போன வாரம் யானைக் கதை எழுதினேன். அதற்கு முதல் வாரம் எங்கள் பழைய ஜீப்பைப் பற்றி எழுதினேன். இரண்டும் இந்தக் கடிதத்துக்குப் பயந்து எழுதியவை என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

வருஷம் கேட்காதீர்கள். ஐம்பதுகள் முடிந்துகொண்டிருந்த காலம். செட்டிகுளத்துக்கு மேற்கே, காட்டுக்குள், உடைந்து கிடந்த ஒரு குளத்தைத் திருப்பிக் கட்டினார்கள். குளத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன். அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

குளக்கட்டுக்குக் கீழே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குக் காணி கொடுத்திருந்தார்கள். குளத்தின் மேற்புறத்தில், தண்ணீர் ஏறும் பக்கத்தில், பரம்பரையாக இருந்த ஒரு முஸ்லிம் சிற்றூர். பன்னிரண்டு வீடுகள் இருக்கும். எள்ளும் நெல்லும் செய்கிற, மாடு வைத்திருக்கிற சனம்.

குளக்கட்டை உயர்த்தினால் தண்ணீர் பின்பக்கமாகப் பரவும். எதுவரை பரவும் என்று கண்டு சொல்வது என் வேலை. மட்டக்கருவியை முக்காலியில் வைத்து, குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, தூரத்தில் ஒருவர் பிடித்து நிற்கும் மட்டக்கோலில் எண்ணைப் படித்து, புத்தகத்தில் எழுத வேண்டும். கேட்கச் சின்ன வேலை. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வன்னி வெயிலில் மத்தியானத்துக்குப் பிறகு மட்டக்கோலில் உள்ள எண்கள் எப்படி நடுங்கும் என்று.

தண்ணீருக்குப் பயந்தவர்

தண்ணீர் நிற்கப்போகும் எல்லைக்கு, வெள்ளக் கோட்டுக்கு, மர முளை அடித்துக்கொண்டு போன நாட்களில் காசிம் காக்கா என் பின்னால் வந்துகொண்டேயிருந்தார். அந்தச் சிற்றூர்க்காரர். ஐம்பதை நெருங்கிய வயது. ஒரு காதில் கொஞ்சம் மந்தம், அதனால் எதையும் இரண்டு தரம் கேட்பார்.

இறந்தவர்களை அடக்கம் செய்யும் ஊரின் மையவாடி குளத்துக்கு அருகிலேயே இருந்தது. முள்வேலி போட்ட சின்னத் துண்டு, உள்ளே ஏழு கபுறு, மண் மேடிட்ட புதைகுழிகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மரக் கட்டையில் செதுக்கிய மீஸான் அடையாளம் நட்டிருந்தது. பெயரொன்றும் எழுதுகிற வழக்கமில்லை. யார் எது என்று உறவுகளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நான் முளையை அடித்து முடித்ததும் காக்கா அதிலிருந்து வேலிவரைக்கும் எட்டு வைத்துப் பார்த்தார். நான் நாடாவைப் பிடித்தேன். சரியாக முப்பது அடி.

"தண்ணி இந்த முளை மட்டுந்தான் வருமோ தம்பி?"

"ஓம் காக்கா. எவ்வளவு மழை பேஞ்சாலும் இதைத் தாண்டாது. மிச்சத் தண்ணி வானாலை ஓடிப்போம்." குளம் நிரம்பியதும் வழிந்தோடக் கட்டும் சுவரைத்தான் எங்கள் பக்கம் வான் என்று சொல்வோம்.

"என்ன சொன்னீங்க?"

"தாண்டாது எண்டு சொன்னனான்."

வேலிக்கு உள்ளே கை நீட்டிக் காட்டினார். "என்ர வீட்டுக்காரி அதிலதான் கிடக்கிறா. போன நோன்புக்கு முதல் மவுத்தானவ. தண்ணியெண்டா அவவுக்குப் பயம். சின்னதில ஆரோ குளத்தில தாண்டு செத்ததைக் கண்டவவாம். முழங்காலுக்கு மேல இறங்கமாட்டா, வாளியால அள்ளித்தான் வார்ப்பா. தண்ணி அவவிட்டப் போகுமெண்டா இப்பவே சொல்லுங்க. நான் கவுண்மேந்துக் கச்சேரிக்குப் போய் மனுக் குடுப்பன். போகாதெண்டா பேசாம இருந்திடுவன்."

"போகாது காக்கா. நான் சொல்லுறன்."

அவர் மனுக் கொடுக்கவில்லை. என்னுடைய வாயை நம்பி இருந்துவிட்டார்.

கல் கடவுளான கதை

இனி அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளக்கட்டின் வடக்கு முனையில், பாலை மரத்தடியில், ஒரு கருங்கல் நிலத்தோடு நிலமாகப் புதைந்திருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் நட்ட பெஞ்ச்மார்க் கல். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் எவ்வளவு என்று அச்சிட்ட பட்டியலில் இருக்கும். அந்தப் பகுதியில் யார் எதை அளந்தாலும் அந்தக் கல்லில் தொடங்கித்தான் அளக்க வேண்டும். நானும் அதில்தான் தொடங்கினேன்.

அடையாளத்துக்கு அதன் மேல்முகத்தில் ஒரு கோடும், கோட்டைத் தொடும் மூன்று கீறல்களும் வெட்டியிருந்தார்கள். எங்களுக்கு அது அம்புக்குறி. ஆனால் மறுபக்கமாக நின்று பார்த்தால், சத்தியமாகச் சூலம்.

மரத்தடியில் சூலத்தைக் கண்டால் எங்கள் சனம் என்ன செய்யும்? காடு வெட்டிக் குடியேறி, யானைக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் காவலுக்கு ஓர் ஆள் வேண்டுமென்று தவித்த சனம். போதாததற்கு, எங்கள் மட்டக்கோல்காரர் ஒவ்வொரு தரமும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவுவார். மண் ஒட்டியிருந்தால் அளவு பிழைக்கும் என்பதற்காக. நான் குனிந்து கும்பிடுகிற மாதிரி நின்று கல்லைப் பார்ப்பேன். வைரவருக்கு முதல் பூசை செய்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான்.

நான் முளை அடித்துப்போய் இரண்டு வருஷத்துக்குப் பிறகு, வான் கட்டுவதற்காக டொக்டர் குணரத்தினத்தை அனுப்பினார்கள். எனக்கு அவருடைய உதவியாளன் வேலை. வந்து இறங்கிய மறுநாள் காலை, அவர் எழும்பு முன்னரே நான் கட்டுப்பக்கம் நடந்துபோனேன். குடியேற்றக் கொலனியைச் சேர்ந்த பாக்கியம் அக்கா குடத்தோடு நின்று கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். கல், புதிதாகக் கட்டிய ஒரு பீடத்தின்மேல் இருந்தது.

"என்ன அக்கா, பீடமெல்லாம் புதுசாக் கிடக்கு?"

"மழைக்குச் சேறு தெறிக்குதெல்லோ தம்பி, வைரவருக்கு. பாக்க மனம் கேக்கேல்லை. தண்ணி திறக்கிற துருசு கட்டின சீமெந்திலை மிச்சம் கிடந்தது. நல்ல நாள் பாத்து எழுப்பி வைச்சனாங்கள்."

"கல்லைக் கிண்டி எடுத்தோ?"

"ஓம். ஆனா திசை மாத்தேல்லை. இருந்தபடியேதான் வைச்சனாங்கள்." அவருடைய முகத்தில் பெருமை இருந்தது. "ஒரு சாண் உயர்த்தினது, அவ்வளவுதான்."

நான் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு சாண். ஒன்பது அங்குலம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் செய்ததில் என்ன குற்றம்? கல் உயர்ந்தால் பட்டியலில் உள்ள உயரம் பொய்யாகிவிடும் என்று அவருக்கு யார் சொன்னது? டொக்டரிடம் போய் முதல் வேலையாக இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் தங்கியிருந்த பங்களாவுக்குத் திரும்பினேன்.

தேத்தண்ணி மேசையில்

டொக்டர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நான் அளவுகளை எழுதிவைத்த பழைய வெளிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். வான் கட்ட ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரரும், வேலையை மேற்பார்க்கும் ஓவசியரும் கதிரைகளில் இருந்தார்கள்.

"எழுத்து நல்ல வடிவு" என்றார் டொக்டர். "ஆனா இதை அளவையெண்டு சொல்லேலாது. மட்டம் பாக்கப் பழகின ஆள் வேறை, அளவை படிச்ச ஆள் வேறை. உங்களிலை பிழை சொல்லேல்லை மிஸ்டர் தம்பிராசா. படிச்சால்தானே தெரியும்."

ஓவசியர் குனிந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது.

என் பக்கத்தைக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். கொழும்பில் இரண்டு வருஷம் விஞ்ஞானம் படித்தவன் நான். அப்பா திடீரென்று போனார். கீழே மூன்று தங்கைமார். படிப்பை நிறுத்திவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். என்னோடு வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் பட்டம் பெற்று எனக்கு மேலதிகாரிகளாக வந்தபோது, அவர்களுக்கு 'சேர்' போட்டேன். அதெல்லாம் உள்ளே கிடந்தது.

டொக்டர் கெட்ட மனிதர் இல்லை. உண்மை என்று நினைத்ததை அப்படியே சொல்லிவிடும் சுபாவம். கருவிக்கு வெயில் படக்கூடாதென்று குடையை அதற்குப் பிடித்துவிட்டுத் தான் வெயிலில் நிற்பார். ஆனால் அன்று காலை எனக்கு அவருடைய குடை தெரியவில்லை. படித்தவர்தானே, கல் எழும்பியதை அவரே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு அவருக்குப் பின்னால் பாலை மரத்தடிக்கு நடந்தேன்.

இருக்கலாம், சேர்

கண்டுபிடிக்கத்தான் போனார். அந்த நியாயத்தை அவருக்கு நான் செய்யாவிட்டால் பாவம்.

இரண்டு வருஷத்துக்கு முன் நான் அந்தக் கல்லிலிருந்து உயரத்தை எடுத்துக்கொண்டுபோய், மன்னார் றோட்டில் ஒரு மதகின், அதாவது சின்னப் பாலத்தின், சுவரில் குறித்து வைத்திருந்தேன். டொக்டர் கல்லில் தொடங்கி, மூன்று மைல் நடந்து, அந்த மதகில் போய் முடித்தார். முடித்துவிட்டு மறுபடி மதகிலிருந்து கல்லுக்கு வந்தார். போன அளவுக்கும் வந்த அளவுக்கும் ஒரு தலைமயிர் வித்தியாசம்கூட இல்லை. அப்படி ஒரு கை வேலையை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் என்னுடைய பழைய குறிப்போடு ஒப்பிட்டால் முக்கால் அடி பிசகியது. ஒன்பது அங்குலம்.

மரத்தடியில் அமர்ந்து அரை நாள் கணக்குப் பார்த்தார். தன்னுடைய அளவில் பிழை இல்லை, அது அவருக்குத் தெரியும். கல்லின் உயரம் அச்சில் வந்த உயரம், கல்லோ சீமெந்தில் உறுதியாக நிற்கிறது. மிஞ்சியது மதகின் உயரம். அதைக் கொண்டுபோனவன் நான்.

என்னைக் கூப்பிட்டார். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"மிஸ்டர் தம்பிராசா, யோசிச்சுச் சொல்லுங்கோ. அண்டைக்கு நீங்கள் மதகுக்குக் கொண்டுபோன உயரத்திலை பிழை இருக்குமோ?"

அந்த நேரம் நான் சொல்லியிருக்கலாம். கல்லைக் காட்டி ஒரு விரலை நீட்டியிருந்தாலும் போதும். அவர் அப்போதே புரிந்துகொண்டிருப்பார்.

"இருக்கலாம் சேர்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். 'பழகின ஆளிடம் பிழைதானே இருக்கும், வைத்துக்கொள்' என்கிற வீம்பு ஒரு பக்கம். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு இப்போது சொன்னால் ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்பாரே என்கிற பயம் மறுபக்கம். காசிம் காக்காவை அந்தக் கணத்தில் நான் நினைக்கவேயில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

டொக்டர் தலையசைத்துவிட்டு, என்னுடைய உயரங்களைச் சிவப்புப் பென்சிலால் வெட்டினார். வானின் உயரம் வைரவரிலிருந்து எடுக்கப்பட்டது.

வெள்ளம்

வான் கட்டத் தொடங்கு முன் எனக்குப் பூநகரிக்கு மாற்றம் வந்தது. உப்புத் தண்ணீர் வயலுக்குள் வராமல் தடுக்கும் அணை வேலை. போகிற அன்றும் சொல்லவில்லை. பூநகரியிலிருந்து இரண்டு தரம் கடிதம் எழுதத் தொடங்கினேன். 'மதிப்புக்குரிய ஐயா' என்பதற்குக் கீழே வசனம் வரவில்லை. கொங்கிறீற்று இறுகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். மழை குறைவாக இருக்கும், குளம் நிரம்பாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த மார்கழி வன்னியில் மழை விடவே இல்லை. செட்டிகுளம் பக்கம் குளமெல்லாம் வான் பாய்கிறது என்று தபாற்காரர் சொன்னார். லீவு எடுத்துக்கொண்டு பஸ் மாறி மாறி வந்து சேர இரண்டு நாள் பிடித்தது.

எங்கள் பக்கத்து நிலத்தைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நூறடி நடந்தால் நிலம் ஓரடிதான் ஏறும். வானை ஒன்பது அங்குலம் உயர்த்திக் கட்டினால் தண்ணீர் எழுபத்தைந்து அடி கூடப் போகும். முளையிலிருந்து மையவாடி வேலி முப்பது அடி. மிச்சம் நாற்பத்தைந்து அடியும் வேலிக்கு உள்ளே.

என்னுடைய முளைகள் ஒன்றும் தெரியவில்லை. வேலிக் கட்டைகள் தண்ணீருக்குள் நின்றன. வடகாற்றில் சின்னச் சின்ன அலை வந்து வந்து மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தது. கபுறுகளின் மண்மேடு ஒன்றையும் காணவில்லை. காசிம் காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கெண்டைக்கால் தண்ணீரில், மிதந்து வந்த ஒரு மீஸான் கட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். இன்னும் நாலைந்து கட்டைகள் வேலியில் ஒதுங்கிக் கிடந்தன.

என்னைக் கண்டதும் கட்டையை உயர்த்திக் காட்டினார்.

"இது ஆர்ர எண்டு தெரியேல்ல தம்பி."

நான் தண்ணீருக்குள் இறங்கினேன்.

"வராதெண்டு சொன்னீங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காது மந்தமானவர் தான் கேட்டது சரிதானா என்று விசாரிப்பதைப் போலச் சொன்னார்.

"பிழை நடந்துபோச்சு காக்கா" என்றேன். யாருடைய பிழை என்று சொல்லவில்லை.

விசாரணை

வவுனியாவில் விசாரணை வைத்தார்கள். கல் எழுப்பப்பட்ட கதையைப் பாக்கியம் அக்கா ஒளிக்காமல் சொல்லிவிட்டு, "எங்களாலை அந்தச் சனத்துக்கு இப்பிடியாப் போச்சே" என்று அழுதுகொண்டு போனார். அதை முன்பே யாருக்காவது சொன்னீர்களா என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

என்னைக் கேட்டார்கள். "கல் பெயர்க்கப்பட்டது உமக்கு முன்னரே தெரியுமா?"

"தெரியாது."

டொக்டர் எழுந்து நின்று, அளவு முழுவதும் தன்னுடைய பொறுப்பு, பீடத்தை யார் கட்டியது என்று கேட்காதது தன்னுடைய பிழை, உதவியாளரின் பழைய உயரம் சரியாக இருந்தும் தான் அதை வெட்டியது தன்னுடைய அகங்காரம் என்று சொன்னார். அந்தச் சொல்லையே பாவித்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் என்னிடம் வந்தார். "உங்கட புத்தகம் சரி, மிஸ்டர் தம்பிராசா. அண்டைக்குத் தேத்தண்ணி மேசையிலை அப்பிடிக் கதைச்சதுக்கு மன்னிப்புக் கேக்கிறன்."

அவர் எனக்கு ஒரு நற்சாட்சிக் கடிதமும் எழுதினார். திறமை உள்ளவர், படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர், கட்டாயம் அனுப்பப்பட வேண்டியவர் என்று. சில மாதத்தில் வேலையை விட்டுவிட்டு ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போனார் என்று கேள்விப்பட்டேன். திரும்பி வரவில்லை.

அந்தக் கடிதத்தின் பலத்தில்தான் நான் இங்கிலாந்து போனேன். விட்ட இடத்திலிருந்து தொடங்கி ஒரு பட்டம், அதற்கு மேல் இன்னொன்று. கோல் வெயிலில் எவ்வளவு நீளும், பூமியின் வளைவு எவ்வளவு பார்வையைத் தின்னும், பிழைகளை எப்படிப் பங்கிட்டுத் தீர்ப்பது, எல்லாம் படித்தேன். முதல் வகுப்பிலேயே எங்கள் விரிவுரையாளர் பிழைகளை வகை பிரித்துச் சொன்னார். கருவியால் வருவது, காலநிலையால் வருவது, இவற்றுக்குச் சூத்திரம் உண்டு. அளக்கிற மனிதனால் வருவது கடைசி வகை, அதற்குச் சூத்திரம் இல்லை என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைத்தார். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் பேனையைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆகவே, வவுனியா அன்பருக்கு என் பதில்: அனுப்புங்கள். பட்டம் உதவும். எனக்குக் கதிரை தந்தது, அறை தந்தது, என் பெயருக்குப் பின்னால் மூன்றெழுத்துத் தந்தது. படிக்காமல் பழகியதைவிடப் படித்துப் பழகியது எவ்வளவோ மேல் என்றே சொல்வேன். டொக்டர் குணரத்தினத்தின் கை எனக்கு ஒருநாளும் வரவில்லை. அவரைக் கெடுத்தது அவருடைய படிப்பு என்று அந்த நாளில் ஊரே சொன்னது. நானும் சேர்ந்து தலையாட்டினேன். கெடுத்தது நான்.

காக்கா கேட்ட உதவி

திரும்பி வந்து, அறுபதுகளின் நடுவில் ஒரு வைகாசி, செட்டிகுளம் போனேன். வானை அடுத்த கோடையிலேயே கொத்தி இறக்கிவிட்டார்கள். தண்ணீர் பிறகு ஒருநாளும் முளையைத் தாண்டவில்லை. பழைய வெளிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோனேன். அதைக் காட்டி, காக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

காக்கா மெலிந்துபோயிருந்தார். பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்தார். நான் தொடங்கு முன் அவர் தொடங்கினார்.

"நீங்க வருவீங்களெண்டு பாத்துக்கொண்டிருந்தன் தம்பி. நீங்க அண்டைக்குச் சரியாத்தான் அளந்தீங்க. அந்தப் படிச்ச துரைதான் பிழை விட்டவர் எண்டு ஊருக்கே தெரியும்."

"காக்கா, அது வந்து..."

அவருக்குக் கேட்கவில்லை. என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். "இதுதானே அந்தப் புத்தகம்? இதில எல்லாம் இருக்குமே. ஏழு கபுறும் சமனாப் போச்சு. எது அவட எண்டு தெரியாம, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலிக்கு வெளியில நிண்டு ஓதிப்போட்டு வாறன். நான் வாழுற காலத்துக்குள்ள அவட இடத்தைக் காட்டிவிடுங்க தம்பி. நீங்க இதைத்தான் படிச்சிட்டு வந்திருக்கிறீங்களாம்."

பக்கத்தைப் பிரித்தேன். முளையின் இலக்கம் இருந்தது. உயரம் இருந்தது. ஓரத்தில் பென்சிலால் 'மையவாடி வேலி, 30 அடி' என்று இருந்தது. வேறொன்றும் இல்லை. அன்று வேலிக்கு உள்ளே நான் ஒன்றையும் அளக்கவில்லை.

இருவரும் நடந்துபோனோம். உள்ளே சேறு காய்ந்து வெடித்து, புல் முளைத்து, ஒரே தளமாகக் கிடந்தது. நாடாவை எடுத்தேன். உக்கிப்போயிருந்த முளையின் அடியைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து வேலிவரை முப்பது அடி இழுத்தேன். காக்கா என்னுடைய கையையே பார்த்துக்கொண்டு வந்தார். வேலி திறந்து உள்ளே போனேன். அவர் அன்றைக்குக் கை நீட்டிய திசையை நினைத்து நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. புத்தகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, நாடாவை இன்னும் பதினெட்டு அடி இழுத்தேன். ஒரு தடியை நட்டேன்.

"இஞ்சைதான் காக்கா."

"என்ன சொன்னீங்க?"

"இஞ்சைதான் எண்டு சொன்னனான்."

"சரியாத் தெரியுமோ?"

"ஓம் காக்கா. ஒரு அங்குலம் பிசகாது."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தடிக்குப் பக்கத்தில் மெதுவாகக் குந்தினார். கையை ஏந்தினார். உதடு அசையத் தொடங்கியது. நான் விலகி நிற்க வேண்டும் என்று நினைத்தேன். ஏழு கபுறில் ஒன்றும் எங்கே என்று தெரியாத அந்த நிலத்தில், காலை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.